எக்ஸ்எம்எல் ஆவணத்தில் வெளிப்படங்களைச் சுட்டுதலும் அச்சாக்கமும்: ஓலைச்சுவடிப் பதிப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டு மைப்படிகளையும் எக்ஸ்எம்எல் முறையில் பதிப்பிக்கும்போது படங்கள் ஆவணத்தினுள் இடம்பெறுவதில்லை. அவை இருக்குமிடம் மட்டுமே சுட்டப்படுகிறது. அச்சுநிலையில் அச்சுட்டுகை எவ்வாறு பொருள்கொள்ளப்படுகிறது, எங்கெங்கே பிறழ்கிறது, படத்தின் உண்மையளவு எவ்வாறு தொலைகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மூல ஆவணம் படத்தின் அடையாளத்தையும் பொருளின் இயற்பியல் அளவையும் தாங்கி நிற்க, கோப்பின் முகவரியையும் அச்சளவையும் நடைதாளே வருவித்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எக்ஸ்எம்எல், டிஇஐ, சுவடிப் பதிப்பு, வெளிப்படம், நடைதாள், பிரிதிறன், அச்சாக்கம்

முன்னுரை

சுவடிப் பதிப்பில் இடம்பெறும் ஒளிப்படம் பதிப்பாசிரியரின் வாசிப்புக்குச் சான்றாக நிற்பது. ஓலையில் புள்ளி இடப்படாமையும், ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்படுதலும், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்திக் காட்டப்படாமையும் சுவடிப் பயிற்சி உடையோர் நன்கறிந்தவை. ஒரு பாடத்தை ஏற்றும் மற்றொன்றை விலக்கியும் பதிப்பாசிரியர் செய்யும் முடிவை வாசகர் மீளாய்வு செய்ய வேண்டுமெனில், அவ்வேடு அவர் கண்முன் இருக்க வேண்டும். எழுத்து தெளியும் அளவில் இருக்கவும் வேண்டும். ‘எபிகிராஃபியா இண்டிகா’ இதழின் படத்தட்டுகளில் மூலத்தோடு ஒப்பிட்ட அளவுவீதத்தைக் குறிக்கும் வழக்கம் இக்காரணம் பற்றியே தோன்றியது எனலாம். எழுத்தியல் ஆய்வில் எழுத்தின் உயரமும் வரிகளுக்கிடையேயான தொலைவும் தரவுகள் ஆகின்றன. அளவுவீதம் தெரியாத படத்திலிருந்து அத்தரவுகளைப் பெற இயலாது.

அச்சகத்தில் படத்தட்டு தனியே உருவாக்கப்பட்ட காலத்தில் அளவுவீதத்தை ஒரு மனிதர் அளந்து குறித்தார். இன்று பதிப்பின் பாடம், பாடவேறுபாடு, குறிப்பு, படச்சுட்டுகை ஆகிய யாவும் ஒரே எக்ஸ்எம்எல் ஆவணத்தில் அமைந்து, அதிலிருந்து இணையப் பக்கமும் அச்சு நூலும் தாமே உருவாகின்றன. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுதவியுடன் 2019இல் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் உள்ளடக்கி, ‘எபிடாக்’ நெறியின்படி கல்வெட்டுகளைக் குறியீட்டாக்கம் செய்வது இப்போக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. இச்சூழலில் அளவுவீதத்தை அளந்து குறிக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினா எழுகிறது. பாடத்தைக் குறியீட்டாக்கம் செய்வது பற்றித் தமிழில் ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. படத்தைச் சுட்டுவது ஒரு தொழில்நுட்பச் சில்லறை வேலையாகவே கருதப்பட்டு வருகிறது. அக்கருத்து பொருந்தாது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

சுட்டுகையின் இரு மரபுகள்

எக்ஸ்எம்எல் 1.0, வையவிரி வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக 1998 பிப்ரவரி 10இல் வெளியானது. அது எழுத்துகளால் ஆன ஆவணத்துக்குரிய இலக்கணம். படமோ இருமத் தரவு. எழுத்துகளுக்கிடையே அதனை அப்படியே வைக்க இயலாது. அறுபத்துநான்கு எழுத்துகளைக் கொண்ட ‘பேஸ்64’ குறிமுறைக்கு மாற்றினால் உள்ளே வைக்கலாம். டிஇஐ நெறிமுறையில் அதற்கென ஓர் உறுப்பும் உண்டு. எனினும் கோப்பின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நூறு ஏடுகளின் படங்களை இவ்வாறு உள்ளடக்கிய ஆவணத்தைத் திறந்து ஒரு சொல்லைத் திருத்துவது எந்தப் பதிப்பாசிரியருக்கும் இயலாத செயல். ஆகவே வெளியே இருக்கும் படத்தைச் சுட்டுவதே நடைமுறையாயிற்று.

எக்ஸ்எம்எல் தன் முன்னோடியான எஸ்ஜிஎம்எல்லிடமிருந்து (ஐஎஸ்ஓ 8879, 1986) பெற்ற சுட்டுமுறை மறைமுகமானது. ஆவண வகை வரையறையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயரை அறிவித்து, அப்பெயருக்குரிய கோப்பையும், அக்கோப்பு எவ்வகைப் படம் என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். இவ்வாறு அறிவிக்கப்படும் பொருளுக்கு ‘என்டிட்டி’ என்று பெயர். ஆவணத்தின் உடலில் அப்பெயர் மட்டுமே வரும். டிஇஐ நான்காம் பதிப்பு (2002) வரை படத்துக்கான ‘ஃபிகர்’ உறுப்பு இம்முறையையே பின்பற்றியது. 2007 நவம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்பு இதனைக் கைவிட்டு, ‘கிராஃபிக்’ என்னும் உறுப்பில் ‘யூஆர்எல்’ என்ற பண்பின் மதிப்பாகப் படத்தின் முகவரியை நேரடியாக எழுதும் முறைக்கு மாறியது.

நேரடி முகவரி எளிது. வரையறைக் கோப்பு இல்லாமலே இயங்கும். ஆயினும் இம்மாற்றத்தில் ஒன்று கைநழுவியது. பழைய முறையில் படத்தின் பெயரும் அதன் இருப்பிடமும் வேறுவேறாக இருந்தன. கோப்பு இடம்மாறினால் அறிவிப்பைத் திருத்தினால் போதும். பாடத்தைத் தொட வேண்டியதில்லை. அச்சுக்கு ஓர் அறிவிப்புத் தொகுதியும் திரைக்கு மற்றொன்றும் வைத்துக்கொள்ளவும் முடிந்தது. நேரடி முகவரியில் பெயரும் இருப்பிடமும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கு ஆராயப்படும் சிக்கல்களுள் பல இவ்விணைப்பிலிருந்து கிளைத்தவை.

முகவரி எதனைச் சார்ந்தது?

‘படங்கள்’ என்ற கோப்புறையில் உள்ள 12ஆம் ஏட்டின் படம் என்று ஆவணத்தில் எழுதினால், அது சார்பு முகவரி. எதனைச் சார்ந்தது என்பது அதில் சொல்லப்படவில்லை. ஆவணம் எங்கு இருக்கிறதோ அவ்விடத்தை அடியாகக் கொள்க என்பது பொது விதி. அவ்வடியை மாற்ற விரும்புவோர் ‘எக்ஸ்எம்எல் பேஸ்’ பரிந்துரை (2001) தரும் பண்பைப் பயன்படுத்தலாம்.

திரையில் இவ்விதி சிக்கலின்றி இயங்குகிறது. அச்சாக்கத்தில் இடையே ஒரு படி கூடுதலாக வருகிறது. மூல ஆவணத்தை எக்ஸ்எஸ்எல்டி நடைதாள் வாசித்து, பக்க அமைப்பை விவரிக்கும் மற்றோர் ஆவணத்தை உருவாக்குகிறது. அவ்விடைநிலை ஆவணத்தின் மொழி எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ எனப்படும். அதன் முதற் பதிப்பு 2001 அக்டோபரிலும் 1.1 பதிப்பு 2006 டிசம்பரிலும் பரிந்துரை ஆயின. வடிவாக்கி என்னும் மென்பொருள் இவ்விடைநிலை ஆவணத்தை வாசித்துப் பிடிஎஃப் கோப்பைத் தருகிறது. படத்தைத் தேடி எடுப்பது நடைதாள் அன்று, வடிவாக்கிதான். ‘எக்ஸ்டர்னல்-கிராஃபிக்’ என்ற உறுப்பின் ‘எஸ்ஆர்சி’ பண்பில் உள்ள முகவரியே அதற்குத் தெரியும். மூல ஆவணம் எங்கிருந்தது என்பது அதற்குத் தெரியாது.

நடைதாளை எழுதுபவர் மூலத்தில் உள்ள முகவரியை எழுத்து மாறாமல் இடைநிலை ஆவணத்துக்கு நகலெடுத்தால், சார்பு முகவரி தன் அடியை இழக்கிறது. இரண்டு ஆவணங்களும் ஒரே கோப்புறையில் இருக்கும்வரை இப்பிழை வெளிப்படாது. பதிப்பாசிரியரின் கணினியில் சரியாக வந்த நூல் அச்சகத்தின் கணினியில் படங்களின்றி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பல சுவடிகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து ‘எக்ஸ்இன்க்ளூட்’ வழியாக ஒரே நூலாகச் சேர்க்கும்போது சிக்கல் பெருகும். ஒவ்வொரு கோப்புக்கும் அடி வேறு. சேர்க்கும் செயலி ஒவ்வொரு பகுதியின் மீதும் அதன் பழைய அடியைக் குறித்து வைக்கிறது. அக்குறிப்பை நடைதாள் மதிக்க வேண்டும்.

தீர்வு நெடுநாளாக உள்ளதே. எக்ஸ்எஸ்எல்டி 2.0 முதல், ஓர் உறுப்பின் அடிமுகவரியைக் கேட்டறியும் சார்பும், சார்பு முகவரியை முழு முகவரியாக்கும் சார்பும் கிடைக்கின்றன. அடி எது என்பது தெரிந்திருக்கும் கடைசி இடம் நடைதாள். ஆகவே முகவரியை முழுமையாக்குதல் அங்கேயே நிகழ வேண்டும். சில வடிவாக்கிகளின் அமைவுக் கோப்பில் அடிமுகவரியைக் குறிக்க இடமுண்டு எனினும், பல அடிகளைக் கொண்ட தொகுப்பு நூலுக்கு அது உதவாது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

இவ்விடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைக் குறிப்பிட வேண்டும். படக்கோப்புக்குக் ‘கோவில்’ என்று பெயரிடுவதாகக் கொள்வோம். ஒருங்குறியில் ஓகார உயிர்மெய்க் குறியை இருவகையாகச் சேமிக்க முடியும். 0பிசிபி என்ற ஒற்றைக் குறியெண்ணாகவும், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இணையாகவும் அது அமையலாம். ஒகரக் குறி, ஔகாரக் குறி, ஔகார உயிர் ஆகியவையும் இத்தகையனவே. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒருங்குறித் தரமும் அவற்றை நிகரானவை என்றே கொள்கிறது. எனினும் பைட்டு பைட்டாக ஒப்பிடும் கோப்பு முறைமைக்கு அவை வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளில் நெடுங்காலம் பயன்பட்ட ‘எச்எஃப்எஸ் பிளஸ்’ முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமித்தது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளின் முறைமைகள் தட்டச்சு செய்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கின்றன. விசைப்பலகை வழியாக ஒற்றைக் குறியாக ஆவணத்தில் எழுதப்பட்ட பெயரும், மேக் கணினியிலிருந்து வந்த கோப்பின் பெயரும் பொருந்தாமற் போகும்போது, எத்தனை முறை கண்ணால் ஒப்பிட்டாலும் பிழை புலப்படாது.

முகவரியில் தமிழ் எழுத்து வருமாயின் அது விழுக்காட்டுக் குறியீட்டுக்கு மாற்றப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு; ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். எனவே ‘கோவில்’ என்பதன் ஆறு குறியெண்கள் 54 எழுத்துகளாகின்றன; பிரித்த வடிவமாயின் 63. இம்மாற்றத்தை இருமுறை செய்துவிடும் நடைதாள்களும் உண்டு.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கக் கூடாது என்று சொல்வது எளிது. மொழிப்பற்றினால் அன்றி, பட்டியலிடும் வசதிக்காகவே தமிழ்ப்பெயரை விரும்புவோர் உளர், அவ்விருப்பம் முறையானதே. ஆயினும் அச்சுக்குச் செல்லும் படத்தின் கோப்புப் பெயர் சுவடி எண், ஏட்டெண், பக்கம் என்பவற்றை உரோமச் சிற்றெழுத்தாலும் எண்ணாலும் மட்டும் குறிப்பதே இன்றைய நிலையில் உறுதியானது. தமிழ்ப்பெயரை ஆவணத்தின் விவரப்பகுதியில் முழுமையாக எழுதலாம். படிக்கப்படும் இடமும் அதுவே. பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும் என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

படப்புள்ளியும் சென்டிமீட்டரும்

படம் கிடைத்துவிட்டது எனக் கொள்வோம். எவ்வளவு பெரிதாக அச்சிடுவது என்பது அடுத்த வினா. ஆய்வு நோக்கில் இதுவே முதன்மையானது.

படக்கோப்பு படப்புள்ளிகளால் ஆனது. படப்புள்ளிக்கு நீளம் இல்லை. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்று தெரிந்தால்தான் அது நீளமாகும். டிஃப், ஜேபெக், பிஎன்ஜி ஆகிய வடிவங்கள் அவ்வெண்ணைக் கோப்பின் தலைப்பகுதியில் குறிக்க இடம் தருகின்றன. தட்டை வருடியில் வைத்து எடுத்த படத்தில் அவ்வெண் உண்மையானது. வருடி தன் கண்ணாடியின் அளவை அறியும். கேமராவில் எடுத்த படத்தில் அது பொருளற்றது. கேமராவுக்கும் ஓலைக்கும் இடையேயுள்ள தொலைவைக் கோப்பு அறியாது. ஆயினும் 72 என்றோ 300 என்றோ ஏதேனும் ஓர் எண்ணைக் கேமராவோ படத்திருத்தியோ எழுதிவைக்கிறது. சுவடிகள் பெரும்பாலும் கேமராவால்தான் படமெடுக்கப்படுகின்றன.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உடைய ஓர் ஏடு. படச்சட்டத்தில் ஏட்டின் இருபுறமும் சற்று இடம்விட்டு, சட்டத்தின் மொத்த அகலம் 44 செ.மீ. பரப்பைக் காட்டுகிறது. படத்தின் அகலம் 6000 புள்ளிகள். உண்மையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 346 புள்ளிகள் இப்படத்தில் உள்ளன. பிரிதிறன் எண் இல்லாத படத்தை, அப்பாச்சி எஃப்ஓபி என்னும் கட்டற்ற வடிவாக்கி தன் இயல்பு அமைவில் அங்குலத்துக்கு 72 புள்ளி எனக் கொள்ளும், படம் 211.7 செ.மீ. அகலமாகிப் பக்கத்தைத் தாண்டி ஓடும். சிஎஸ்எஸ் முறையில் அச்சிடும் வடிவாக்கி அங்குலத்துக்கு 96 எனக் கொண்டு அதே படத்தை 158.75 செ.மீ. ஆக்கும். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியும் பிழைகள், யாரேனும் திருத்திவிடுவர். கோப்பின் தலைப்பகுதியில் 300 என்று எழுதப்பட்டிருப்பின் படம் 50.8 செ.மீ. ஆகும். 44 செ.மீ. பரப்பு 50.8 செ.மீ. ஆகி, எழுத்துகள் உண்மையளவைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு பெருத்துத் தோன்றும். மடிப்புத்தாளில் ‘உண்மையளவு’ என்ற குறிப்புடன் இப்படம் அச்சானால் அதனை ஐயுறுவதற்கு வாசகருக்கு எந்தக் காரணமும் இராது. அதிலிருந்து அளந்தெடுக்கப்படும் எழுத்துயரம் யாவும் பிழையாகும்.

இதனைத் தவிர்க்கப் பலர் படத்தின் அகலத்தை நடைதாளில் நேரடியாகக் கட்டிவிடுகின்றனர். எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓவில் இதற்கு இரண்டு பண்புகள் உள்ளன. அவற்றின் வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. ‘வித்’ என்பது படத்தைக் காட்டும் சாளரத்தின் அகலம். ‘கன்டென்ட்-வித்’ என்பது சாளரத்தினுள் உள்ள படத்தின் அகலம். முன்னதை மட்டும் குறித்தால் படம் தன் இயல்பளவிலேயே நின்று சாளரத்தை மீறும். பின்னதில் நீளத்தையோ விழுக்காட்டையோ ‘சாளரத்துக்குப் பொருந்துக’ என்ற மதிப்பையோ தரலாம். சாளரத்தைவிடப் பெரிய படத்தை மட்டும் சுருக்கும் மதிப்பு 1.1 பதிப்பில் சேர்ந்தது. நீள அகலங்களை வெவ்வேறு வீதத்தில் மாற்றவும் இம்மொழி இடம் தருகிறது. எழுத்துருவம் சான்றாக நிற்கும் படத்தில் அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. இயல்பு அமைவு ஒரே வீதத்தில் மாற்றுவதே என்பது ஆறுதல்.

‘பொருந்துக’ என்ற மதிப்பை நான் ஐயத்துடனேயே நோக்குகிறேன். பக்கம் அழகாக அமைகிறது; ஆனால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வீதத்தில் சுருங்குகிறது. 44 செ.மீ. சட்டமும் 36 செ.மீ. சட்டமும் ஒரே 11 செ.மீ. அகலத்தில் நின்றால், ஒரே எழுத்தர் எழுதிய இரு சுவடிகளின் எழுத்தும் வேறு அளவில் தோன்றும். நூலின் முடிவில் உள்ள எழுத்து அட்டவணையை இப்படங்களோடு ஒப்பிடுபவர் தவறான முடிவுக்கு வருவார்.

அளவைக் கட்டுவதற்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் ஆவணத்திலேயே இருக்கிறது. டிஇஐ நெறிமுறையின் சுவடி விவரப் பகுதியில் ஏட்டின் நீள அகலங்களை மில்லிமீட்டரில் குறிக்க இடமுண்டு. கவனமான பதிப்பாசிரியர் அதனை நிரப்பியிருப்பார். ‘சர்ஃபேஸ்’ என்ற உறுப்பு ஏட்டின் ஒரு பக்கத்தையும், அதனுள் வரும் ‘ஜோன்’ உறுப்பு அப்பக்கத்தின் ஒரு பகுதியையும், நான்கு முனை எண்களால் வரையறுக்கின்றன. படத்தில் ஏடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் 270, 5725 என்ற புள்ளிகள் எனில், 5455 புள்ளிகள் 400 மி.மீ.க்குச் சமம். சட்டத்தின் அகலத்தைக் கொண்டு கணக்கிடாமல் ஏட்டின் அகலத்தைக் கொண்டு கணக்கிடுவது இன்றியமையாதது. இவ்வெண்களிலிருந்து நடைதாள் உண்மைப் பிரிதிறனைத் தானே பெற்று, வேண்டிய வீதத்துக்குரிய ‘கன்டென்ட்-வித்’ மதிப்பை எழுதிவிடும். கோப்பின் தலைப்பகுதி என்ன சொன்னாலும் கவலையில்லை. படத்தின் கீழ் வரும் ‘அளவுவீதம் 1:2’ போன்ற குறிப்பையும் அதே கணக்கிலிருந்தே உருவாக்கலாம். கையால் எழுதப்பட்ட அளவுக் குறிப்பு, நூலின் பக்க அளவு மாறும் அன்றே பொய்யாகிவிடும்.

ஏட்டின் நீளமும் பக்கத்தின் அகலமும்

ஐரோப்பியத் தோற்சுவடிகளை மனத்திற்கொண்டு உருவான நெறிமுறைகள் ஏட்டின் வடிவத்தை எதிர்பார்க்கவில்லை. தோற்சுவடியின் பக்கம் நூலின் பக்கத்தைப் போலவே நெட்டுவாக்கில் அமைந்தது; சுருக்கினாலும் படிக்கலாம். மேற்கண்ட ஏட்டின் நீளம் அதன் அகலத்தைப்போல் பதினொரு மடங்குக்கு மேல். டெம்மி அளவு நூலின் அச்சுப்பரப்பு 11 செ.மீ. எனக் கொண்டால், 44 செ.மீ. சட்டம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். 3 மி.மீ. எழுத்து 0.75 மி.மீ. ஆகும், ஏடு முழுதும் 9 மி.மீ. உயரமுள்ள ஒரு பட்டையாகத் தோன்றும். இத்தகைய படத்தில் ஏழு வரி இருப்பதைக் கண்டறியலாம். ஓர் எழுத்தையும் படிக்க இயலாது. ஏட்டைத் திருப்பி நெட்டுவாக்கில் வைத்தால் நிலைமை சற்றே மேம்படும், அவ்வளவே.

ஏட்டைப் பகுத்து அடுக்குவதே பயனுள்ள வழி. நான்கு துண்டுகளாக, ஒவ்வொன்றும் 10.75 செ.மீ. நீளமாக, அடுத்தடுத்த துண்டுகளில் 1 செ.மீ. பொதுவாக இருக்குமாறு வெட்டினால், 40 செ.மீ. ஏடு உண்மையளவிலேயே அச்சுப்பரப்பில் அமையும். நான்கு துண்டுகளின் உயரம் 14 செ.மீ.; இடைவெளியும் குறிப்பும் சேர்ந்து ஒரே பக்கத்தில் அடங்கும். 1 செ.மீ. பொதுப்பகுதி இருப்பதால் வெட்டில் சிதையும் எழுத்து அடுத்த துண்டில் முழுமையாக நிற்கும். சில சுவடிகளில் ஏட்டுத் துளையைச் சுற்றி எழுதாமல் விட்ட இடமே வெட்டுவதற்கு இயல்பான இடமாக அமைகிறது. அவற்றில் இயந்திரக் கணக்கைவிடப் பதிப்பாசிரியரின் கண்ணே மேல்.

மூல ஆவணத்தில் இத்துண்டுகளுக்கு நான்கு தனிப் படக்கோப்புகளைச் சுட்டுவது பொருத்தமன்று. ஏடு ஒன்று; துண்டு என்பது இந்த நூலின் பக்க அளவு விதித்த தேவை. நாளை அதே பதிப்பு பெரிய தாளில் வருமாயின் இரண்டு துண்டு போதும். ஆகவே மூலத்தில் ஒரே படமும் ஏட்டின் எல்லையும் இருக்க, துண்டுகளை நடைதாள் கணக்கிட வேண்டும். எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓவில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டுவதற்கு நேரடி வசதி இல்லை. சாளரத்தை மீறுவதை மறைக்கச் சொல்லிப் படத்தை நகர்த்தும் தந்திரம் ஒவ்வொரு வடிவாக்கியிலும் ஒவ்வொரு விதமாக நடக்கிறது. நடைதாள் தரும் எண்களைக் கொண்டு படங்களை முன்னரே வெட்டிவைப்பது ஒரு வழி. மற்றொரு வழியாக ‘டிரிபிள் ஐ எஃப்’ எனப்படும் பன்னாட்டுப் படப் பரிமாற்றச் சட்டகம் உள்ளது. அதன் நெறிப்படி அமைந்த வழங்கியில், படத்தின் அடையாளம், பகுதி, அளவு, சுழற்சி, தரம், வடிவம் என்ற வரிசையில் முகவரியே அமைகிறது. தொடக்கப்புள்ளியாகக் கிடைமட்டத்தில் 270, 1600, 2930, 4260 என நான்கு எண்களையும், அகலமாக 1466 புள்ளியையும் இட்டு நான்கு முகவரிகளை நடைதாள் உருவாக்கினால், வெட்டிய துண்டுகளை வழங்கியே தரும்.

அடையாளமும் முகவரியும்

இணையவழி முகவரியை அச்சுப்பணிக்கு நம்புவதில் ஓர் எல்லை உண்டு. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் மீது நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் அதன் இணையச் சேவைகள் பல நீண்டகாலம் கிடைக்காமற் போயின. அந்நூலகத்தின் சுவடிப்பட முகவரிகளைத் தம் ஆவணத்தில் நேரடியாக எழுதியிருந்தோர்க்கு அவை யாவும் வெற்றுச் சுட்டுகைகளாயின. உலகின் பெருநூலகத்துக்கே இந்நிலை எனில், ஆய்வுத் திட்டத்தின் நிதி முடிந்ததும் நின்றுவிடும் வழங்கிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரையும் இருப்பிடத்தையும் மீண்டும் பிரிப்பதற்கு டிஇஐ ஐந்தாம் பதிப்பிலேயே வழியுண்டு என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஆவணத்தின் தலைப்பகுதியில் ஒரு முன்னொட்டை அறிவித்து, அம்முன்னொட்டுடன் வரும் குறுஞ்சுட்டை எவ்வாறு முழு முகவரியாக விரிப்பது என்ற விதியையும் எழுதலாம். அதற்குரிய உறுப்பு ‘பிரிஃபிக்ஸ்டெஃப்’. பாடத்தில் சுவடி எண்ணும் ஏட்டெண்ணும் மட்டும் வரும். திரைக்குரிய விதி சிறிய ஜேபெக் படத்தையும், அச்சுக்குரிய விதி கணினியில் உள்ள டிஃப் படத்தையும் காட்டும். பழைய ‘என்டிட்டி’ அறிவிப்பு தந்த வசதியையே இது வேறு வடிவில் மீட்டுத் தருகிறது. ஓயாசிஸ் அமைப்பின் எக்ஸ்எம்எல் கேட்டலாக் தரமும் (2005) முகவரியிலிருந்து முகவரிக்கு மாற்றும் அட்டவணையாக இப்பணிக்கு உதவும். வடிவாக்கி அதனை ஏற்குமா என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நூலாக்கத்தில் பரவலாகப் பயன்படும் டாக்புக் வேறு வழியை மேற்கொள்கிறது. ஒரே படப்பொருளின் கீழ் திரைக்கு ஒன்றும் அச்சுக்கு ஒன்றுமாக இரு படங்களைப் பங்குக்குறியுடன் அடுக்கி, நடைதாள் தனக்குரியதைத் தேர்ந்துகொள்ளுமாறு அது விடுகிறது. கணினிக் கையேட்டுக்கு இது தகும். நூற்றுக்கணக்கான ஏடுகளுக்கு ஒவ்வொன்றிலும் இரு முகவரி எழுதுவது பிழைக்கு இடமளிப்பதாகும்.

அச்சுக்கு முன் சரிபார்த்தல்

ஸ்கீமாவின்படி செல்லுபடியாகும் ஆவணத்தில் படங்கள் யாவும் உள்ளன என்று எண்ணுவது பரவலான மயக்கம். ஸ்கீமா சரிபார்ப்பது முகவரியின் வடிவத்தை மட்டுமே. அதிலும் ‘எனியூஆர்ஐ’ என்ற தரவுவகை ஏறத்தாழ எந்த எழுத்துக்கோவையையும் ஏற்கும். அம்முகவரியில் கோப்பு இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை. வடிவாக்கியும் கைகொடுப்பதில்லை. எஃப்ஓபி போன்ற மென்பொருள்கள் படம் கிடைக்காதபோது பதிவேட்டில் ஒரு பிழைச்செய்தியை எழுதிவிட்டு நூலை முடித்துத் தந்துவிடுகின்றன. அறுநூறு பக்க நூலில் ஒரு படம் இல்லாமற் போய், அதன் விளக்கக்குறிப்பு மட்டும் முந்தைய படத்தின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்குமானால், மெய்ப்புப் பார்ப்பவர் அதனை ஒரே படத்துக்கு இரு குறிப்பு என்றே கொள்ளக்கூடும். தவறான ஏடு சான்றாகிவிடும்.

ஆகவே அச்சாக்க நடைதாளுக்கு முன் வேறொரு சிறு நடைதாளை இயக்குவது தகும். ஆவணத்திலுள்ள எல்லாச் சுட்டுகைகளையும் முழு முகவரியாக விரித்து, கோப்பு உண்டா என்று நோக்கி, இல்லாதவற்றைப் பட்டியலிட்டுப் பணியை அங்கேயே நிறுத்துவது அதன் வேலை. ‘இஎக்ஸ்பாத்’ கோப்புத் தொகுதியை ஏற்கும் செயலிகளில் இதற்குச் சில வரிகளே போதும். அதே ஓட்டத்தில் ஏட்டெல்லைக்குரிய புள்ளிகளும் மில்லிமீட்டர் அளவும் உள்ளனவா, அவற்றிலிருந்து கிடைக்கும் பிரிதிறன் வேண்டிய அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறைகிறதா என்பதையும் சோதிக்கலாம். எதிர்த்திசைச் சோதனையும் தேவை. கோப்புறையில் இருந்தும் ஆவணத்தில் எங்கும் சுட்டப்படாத படம், பதிப்பாசிரியர் படியெடுக்காமல் விட்ட ஏடாக இருக்கக்கூடும். அப்பட்டியலைக் கணினி உதவியாளரிடம் விட்டுவிடாமல், ஏட்டெண் வரிசையில் சுவடியோடு ஒப்பிட்டுப் பதிப்பாசிரியரே பார்க்க வேண்டும்.